தலையை மட்டும் உயர்த்தாதே: ஹட்டன் பட்டறையில் ஆறு ஆண்டு ஓடிய மில்லிங் மெஷின்

பண்டாரவளையில் தண்ணீர்ப் பம்பும் மருந்துத் தெளிப்பானும் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, உங்களிடம் இருப்பதுபோலவே ஒரு மில்லிங் மெஷின் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. நான் செய்து கொடுத்த கப்ளிங் (இரண்டு தண்டுகளை இணைக்கும் துண்டு) ஒன்று அன்று காலையில்தான் தோட்டத்து ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, திரும்பி வந்திருந்தது. "பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பிறகுதான் இது.

மில்லிங் மெஷின் என்றால் சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்குவது. என்ன மெஷின் என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொன்னாலே புரியும். தைவான் வார்ப்பு, ஆர்-8 ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு), பெல்ட் மாற்றி 12 வேகம், சிங்கிள் ஃபேஸ் மோட்டார், உருளைத் தூண். 2019இல் கொழும்பில் பழையதாக வாங்கினேன். ஏறக்குறைய 300 கிலோ. கித்துல்கல, கினிகத்தேனை வளைவுகளில் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில் லொறியின் பின்னால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேதான் ஹட்டன் வந்து சேர்ந்தேன். அவ்வளவு ஆசை அப்போது.

ஆசைக்குக் காரணமும் இருந்தது. அதற்கு முன் தண்டில் கீவே, அதாவது சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் கீ என்ற சிறு கட்டை உட்காரும் பள்ளம், வெட்ட வேண்டுமென்றால் உளியும் அரமும்தான். இல்லாவிட்டால் கண்டிக்கு அனுப்பிவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் தண்டுக்கு 8 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் ஆழம். அரத்தால் அரை நாள் இழுத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். இந்த மெஷினில் இருபது நிமிடம். முதல் கீவேயில் கீயை வைத்து மரச்சுத்தியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை, போய் உட்கார்ந்துகொண்டது. கடைப் பையன் அதைக் கழற்றி மறுபடியும் தட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்றும் உண்டு. வாங்கும்போது, "இது அங்குல மெஷின், மெட்ரிக் பார்த்து வாங்கியிருக்கலாம்" என்று எல்லோரும் சொன்னார்கள். கைச்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை 0.100 அங்குலம் நகரும்; மில்லிமீட்டரில் அது 2.54. கணக்குப் பார்க்கத் தலைவலிதான். ஆனால் எனக்கு வரும் வேலையில் பாதி தோட்டத்து ஸ்டோர்களிலிருந்து வருகிறது. அங்கே கொழுந்தை உருட்ட இன்னும் ஓடுகிற பழைய ரோலர்கள் வெள்ளைக்காரன் காலத்து அளவுகளில் செய்யப்பட்டவை. தண்டு அங்குலம், கீ அங்குலம், போல்ட் விட்வர்த் என்ற பழைய ஆங்கிலேய மரை. அரை அங்குல விட்வர்த்துக்கு அங்குலத்திற்கு 12 மரை, அமெரிக்க மரையான யு.என்.சி.க்கு 13. தெரியாமல் ஒன்றை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று நல்ல பிள்ளைபோல் ஏறும், பிறகு கடித்துக்கொள்ளும். இந்த உலகத்தில் அங்குல மெஷின் எனக்கு வரமாகவே அமைந்தது.

இனி தூண்.

மெஷினின் தலை ஓர் உருளையான தூணில் ஏறி இறங்குகிறது. பிடிப்பைத் தளர்த்தியதும் தலை மேலே போகிறது. கூடவே பக்கவாட்டிலும் திரும்பிவிடுகிறது. அத்தோடு மையம் போயிற்று. அரை மணி நேரம் டயல் கேஜ் (நுண்ணிய பிசகை முள்ளால் காட்டும் கருவி) வைத்துத் தேடிப் பிடித்த மையம். தலையை உயர்த்தாமலேயே வேலை செய்யலாமே என்பீர்கள். ஸ்பிண்டில் கீழே இறங்கும் தூரம் 125 மில்லிமீட்டர்தான். துளையைப் பெரிதாக்கும் போரிங் ஹெட் குட்டை. சக்கில் பிடித்த 13 மில்லிமீட்டர் ட்ரில்லோ நெட்டை. ட்ரில் மட்டுமே 151 மில்லிமீட்டர், அதற்கு மேல் சக். குட்டையிலிருந்து நெட்டைக்கு மாறும்போது தலையை உயர்த்தாமல் வழியில்லை.

இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. தலையில் ஒரு லேசர் விளக்கைப் பொருத்தி, எதிர்ச் சுவரில் நூல்குண்டு தொங்கவிட்டு, ஒளியை நூலின்மேல் விழவைப்பது. தலையை உயர்த்திய பிறகு ஒளி மறுபடியும் நூலுக்கு வரும்வரை திருப்பினால் போதும். தூணிலிருந்து ஸ்பிண்டில் மையம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், என் சுவர் 4 மீட்டர். ஆகவே சுவரில் 1 மில்லிமீட்டர் பிசகினால் கட்டரில் 0.05தான் பிசகும். நல்ல கணக்கு. நூல்குண்டுக்கு ஓர் அரை அங்குல நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைக்கிறார்கள்.

இந்த உபாயத்தை எழுதி வைத்தவர் ஹட்டனில் பட்டறை வைத்திருக்கமாட்டார். இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு மூடுபனி கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடும். திரும்பி வந்த அந்தக் கப்ளிங்கைச் செய்த அன்றும் வந்தது. கப்ளிங்கின் நடுத்துளையைப் போர் செய்து முடித்து, போல்ட் துளைகளுக்காகத் தலையை உயர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்தால், சிவப்புப் புள்ளி விரல் அகலத்துக்குப் பரவி நிற்கிறது. வெளியே ஸ்டோர் லொறி ஹாரன் அடிக்கிறது. நடு என்று தோன்றிய இடத்தில் இறுக்கிவிட்டேன். சுவரில் 5 மில்லிமீட்டர் பிசகியிருக்க வேண்டும். துளைகளின் வட்டம் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் விலகிவிட்டது. போல்ட் நான்கும் அழகாக ஏறின, அதுதான் வேதனை. ஓட்டிப் பார்த்த டீமேக்கர் (ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்), "பாஸ், இது ஆடுகிறதே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். டயல் கேஜை வைத்தால் முள் அரை மில்லிமீட்டருக்குப் போய்வருகிறது. ஒரு வார்ப்புக் கட்டியும் ஒரு நாளும் வீண். கொழுந்து நிறைந்த காலத்தில் ஒரு ரோலர் நின்றதற்கு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மற்றவற்றில் பெரிய குறையில்லை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மாலையில் எண்ணெய் துடைக்காமல் போனால் காலையில் மேசை செம்மண் நிறத்தில் இருக்கும். அது 1,200 மீட்டருக்கு மேல் வாழ்வதன் குற்றம். மோட்டாரின் கப்பாசிட்டர் இரண்டு முறை போனது, கரண்ட் இறங்கி ஏறுவதால். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இதற்கு ஓய்வு, எனக்குப் பட்டினி. ஸ்பிண்டில் உள்ளே, கட்டரைக் கவ்வும் கொலெட்டைத் திரும்பாமல் பிடிக்கும் சின்னஞ்சிறு பின் இரண்டாம் ஆண்டே முறிந்தது. கழற்றி எறிந்துவிட்டேன். இழுவைக் கம்பியை நன்றாக இறுக்கினால் அது இல்லாமலும் ஓடுகிறது. பேரிங்குகள் இன்றுவரை சத்தம் போடவில்லை.

ஆக, தம்பி, வாங்க வேண்டாம். கீவே, அங்குலம், பேரிங் என்று மேலே எழுதிய எதையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, டவ்டெயில் சறுக்கில் தலை நேராக ஏறி இறங்கும் மாதிரியைத் தேடுங்கள். மேசை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. இதே கேள்வியைப் போன மாதம் கேட்டிருந்தால், லொறிக்கு நானே சொல்லிவிட்டிருப்பேன்.

மாற்றுக் கப்ளிங் இப்போது அந்த மெஷினின் மேசையில்தான் இருக்கிறது. நடுத்துளை முடிந்துவிட்டது. 102 மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டை ட்ரில் நாளைக் காலை கொழும்பு பஸ்ஸில் வருகிறது. அதுவரை தலைப் பக்கம் கையைக் கொண்டுபோகக்கூடாது என்று பையனிடம் சொல்லி, பிடிப்பு நட்டில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன்.