2-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரான்: டைகுளோரோமீத்தேனுக்கு மாற்றாக எவ்வளவு தேறும்?

சோளக்கட்டையிலும் கரும்புச் சக்கையிலும் கிடைக்கும் ஃபர்ஃபுராலிலிருந்து தயாராகும் கரைப்பான் இது. நீர்க்கரைசலிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு, குளோரின் கொண்ட கரைப்பானான டைகுளோரோமீத்தேனுக்குப் பதிலாக, தயங்காமல் வாங்கலாம்.

அடர்த்தி 0.85தான், தண்ணீருக்கு மேலே நிற்கும். டைகுளோரோமீத்தேன் தண்ணீருக்கு அடியில் நிற்கும்; அந்தப் பழக்கத்தில் மேலடுக்கைக் கொட்டிவிட்டால் பொருளும் போய்விடும். தண்ணீரில் இது சுமார் 14% கரைகிறது, குளிரக் குளிர இன்னும் கூடும். ஆகவே ஐஸில் வைக்காதீர்கள். மூடிய கலத்தில் வெதுவெதுப்பாக, செறிந்த உப்புக் கரைசலோடு பிரியுங்கள். கரைந்த நீரை அகற்ற உலர்த்தும் உப்பு பெரும்பாலும் வேண்டாம்: 71 டிகிரியில் பத்து சதவீத அளவு நீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகும். எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

கிரின்யார்டு வினைக்கு (கரிம மக்னீசியம் சேர்மங்களால் கார்பன் பிணைப்பு உண்டாக்குவது) அருமை. லூயிஸ் அமிலத்தை (எலக்ட்ரான் இணையை ஏற்கும் பொருள்) வினையூக்கியாகக் கொண்ட வினைகளுக்கு வேண்டாம், இதன் ஆக்சிஜன் வினையூக்கியைப் பிடித்து முடக்கிவிடும்.

ஆபத்து, காற்றுப் பட்டு இதில் உருவாகும் வெடிக்கக்கூடிய பெராக்சைடில். அதைத் தடுக்கும் நிலைப்படுத்தி சேர்த்த புட்டியையே வாங்குங்கள், திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள், காய்ச்சி வடிப்பதற்கு முன் பெராக்சைடு சோதனைப் பட்டையால் பாருங்கள், முழுதும் வற்றவிடாதீர்கள். நிலைப்படுத்தி ஆவியாகாமல் விளைபொருளில் தங்கும். பகுப்பாய்வில் தெரியும் அந்நியச் சிகரம் அதுவாக இருக்கலாம். தீப்பற்றுநிலை மைனஸ் 11 டிகிரி. டைகுளோரோமீத்தேனுக்கு இல்லாத தீ அபாயம் இங்கே உண்டு.