ஊட்டி ரயில் பெட்டிக்கு ஒரு கிட்: உடலைத் தூக்கிப் போடு, அடிச்சட்டத்தை வைத்துக்கொள்

மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலின் பழைய நீல, கிரீம் நிறப் பெட்டியை 1:87 அளவில், அதாவது நிஜத்தின் 87-இல் ஒரு பங்காக, மாடல் செய்ய ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பெட்டி அப்படியே கிட்டாக, அதாவது நாமே ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பாக, நான் தேடிய இடத்திலெல்லாம் கிடைக்கவில்லை. அதனால் கிட்பேஷிங்தான் வழி, அதாவது வேறு ஏதோ ஒரு பெட்டியின் கிட்டை வாங்கி வெட்டி ஒட்டி நமக்கு வேண்டியதாக மாற்றுவது. நான் வாங்கியது 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் ஓர் ஐரோப்பிய மலை ரயில் பெட்டியின் பிளாஸ்டிக் கிட். அட்டையில் படம் போட்டிருக்கும் பெட்டியாகவே கட்டுவதாக இருந்தால் சுமார்தான், பரிந்துரைக்க மாட்டேன். வெட்டி மாற்றுவதற்கான சரக்காகப் பார்த்தால் நல்ல கிட்.

முதலில் அளவு. ஊட்டிக்குப் போகும் இந்த நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1000 மி.மீ. இடைவெளி. 1000 மி.மீ.யை 87 ஆல் வகுத்தால் 11.5 வரும், ஆக 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டச் சரி, அரை மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே 1:76 அளவில் கட்டடங்கள், மனிதர்கள் எல்லாம் வாங்கி வைத்திருப்பவர்கள் அதே 12 மி.மீ. தண்டவாளத்தில் 1:76 பெட்டி செய்யலாமா என்று யோசிப்பார்கள். செய்யலாம், ஆனால் கேஜ் நிஜ அளவில் 912 மி.மீ. ஆகிவிடும், அதாவது ஏறக்குறைய மூன்றடி. பெட்டி தண்டவாளத்தைவிட ரொம்பப் பெருத்துத் தெரியும். எனக்கு அது பிடிக்காது.

கிட்டின் உயிர் அடிச்சட்டத்தில் இருக்கிறது. தளம் ஒரே துண்டாக, நேராக, வளையாமல் வந்திருக்கிறது. போகிகளில், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களில், உலோகச் சக்கரங்கள், கூர்முனை அச்சுகள், லேசாகத் தள்ளினால் நிற்காமல் உருள்கின்றன. வீட்டில் உட்கார்ந்து நாமே செய்ய மிகக் கஷ்டமான பகுதி இதுதான், சுவரையும் கதவையும் பொறுமை இருந்தால் யாரும் செய்துவிடலாம், நன்றாக உருளும் போகியைச் செய்வது அப்படியில்லை. ஆகவே கிட் வாங்கும்போது மேலே எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள், அடிப்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மேல் உடலுக்கு வந்தால், எனக்கு வந்த கிட்டில் ஒரு பக்கச்சுவர் வளைந்திருந்தது. ஜன்னல் கண்ணாடிக்குக் கொடுத்த துண்டு தடிமனாக இருப்பதால் உள்ளே பார்த்தால் பாட்டில் அடிப்பாகம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது. இந்தக் கிட்டைக் கிட்டாகவே கட்ட நினைத்தவர் நிச்சயம் கடுப்பாவார். எனக்கு இரண்டுமே பிரச்சினையில்லை, ஏனென்றால் ஊட்டிப் பெட்டியின் பக்கவாட்டு முகமே வேறு. ஐரோப்பியப் பெட்டியில் கோடியில் ஏறி நடுவழியாக நடந்து போவார்கள், அதனால் பக்கச்சுவர் முழுக்க ஜன்னல் வரிசைதான். நம் பழைய பெட்டியில் ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கமாகத் தனிக் கதவு, அந்தக் கதவுகளின் தாளம்தான் அந்தப் பெட்டியின் முகம். ஜன்னல் வரிசைக்கு நடுவில் கோடு கிழித்துக் கதவு என்று சொல்லிவிட முடியாது. முயற்சி செய்தவர்களின் மாடல்களைப் படங்களில் பார்த்திருக்கிறேன், நிறம் சரியாக இருந்தும் ஊட்டிப் பெட்டி மாதிரி தெரியவில்லை.

அதனால் சுவரை எவர்கிரீன் கம்பெனியின் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகவே செய்தேன், அந்தத் தகட்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பலகை இடுக்குகள் போலக் கோடு போட்ட தகடு பல இடைவெளிகளில் கிடைக்கிறது. 0.040 அங்குல இடைவெளியை எடுத்தால் நிஜ அளவில் சுமார் 9 செ.மீ. பலகை. கதவுச் சட்டம், ஜன்னல் சட்டம், கூரை ஓரம் எல்லாவற்றுக்கும் அவர்களுடைய மெல்லிய பட்டைகள் போதும். அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறுவதில்லை, அதுதான் இதில் பெரிய விஷயம், கதவுக்குக் கதவு சட்டத்தின் அகலம் கொஞ்சம் மாறினாலும் கண் உடனே பிடித்துவிடும். ஒட்டுவதற்கு டாமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், பச்சை மூடி போட்ட பாட்டில். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் தூரிகையால் தொட்டால் போதும், திரவம் தானாக இடுக்குக்குள் ஓடிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி ஒட்ட மட்டும் சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். வெள்ளைப் பசையே நல்லது.

கோடி முகப்பு தனிக் கதை. இந்த ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், முன்னால் பெட்டிதான் போகும். கல்லாறு முதல் குன்னூர் வரை ஆப்ட் முறைப் பல்சக்கரப் பாதை, அதாவது இன்ஜினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்கள் வெட்டிய பட்டையைப் பிடித்து ஏறும், ஏற்றம் ஏறக்குறைய 12க்கு 1. பெட்டி முகப்பு மேடையில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார், இன்ஜினின் விசில் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கைப் போடுவார்கள். அந்த மேடையும் பிரேக் சக்கரமும் இல்லாமல் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அது ஊட்டிப் பெட்டி ஆகாது. கிட்டில் கோடி மேடை இருக்கிறது, அது பெரிய உபகாரம். கம்பித் தடுப்பை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுப் பித்தளைக் கம்பியில் செய்துகொள்ளலாம். பிரேக் சக்கரம் மாதிரிச் சின்னப் பாகங்களுக்கு ரெசின் 3டி பிரிண்ட் சரி. முழுச் சுவரையும் பிரிண்ட் எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை, மெல்லிய நீளத் தகடு நாளாக நாளாக வளைகிறது.

தள்ளிக்கொண்டு போவதால் இன்னொரு விஷயம் வருகிறது, எடை. இழுக்கும்போது நன்றாக ஓடும் லேசான பெட்டி, தள்ளும்போது வளைவில் தூக்கிக்கொண்டு தடம் புரளும். கிட் அப்படியே கட்டினால் ரொம்ப லேசு, எடைக்கு ஒரு துண்டு இரும்புகூடக் கொடுக்கவில்லை, இது சரியில்லை. அமெரிக்காவின் மாடல் ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ, இதே அளவில் மூன்றடி கேஜ் வண்டிகளுக்குச் சொல்லும் கணக்கு முக்கால் அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 0.375 அவுன்ஸ். ஐந்து அங்குலப் பெட்டி என்றால் சுமார் 75 கிராம். மீட்டர் கேஜுக்கும் அது பொருந்துகிறது. எடையை இருக்கைகளுக்கு அடியில், தளத்தோடு ஒட்டிப் படுக்க வையுங்கள், கூரைப்பக்கம் போனால் ஆட்டம் அதிகமாகும்.

பெயின்ட்டில் சொல்ல அதிகம் இல்லை. முதலில் கிரீம், நன்றாகக் காய்ந்ததும் டேப் ஒட்டி நீலம். நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் சின்ன மாடலில் இருட்டாகத் தெரியும், நீலத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்ளுங்கள். எழுத்துகளுக்கு வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரை நம்ப வேண்டாம், அது வெள்ளை மை அடிக்காது, நீலத்தின் மேல் எதுவும் தெரியாது.

விலைதான் உறுத்துகிறது. கிட்டின் விலையோடு தபால் செலவும் சுங்க வரியும் சேரும்போது, பாதியைத் தூக்கிப் போடப்போகிற பொருளுக்கு இவ்வளவா என்று தோன்றும். போகியும் தளமும் மட்டும் தனியாக விற்கும் இடம் கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் பிரைசர் கம்பெனியின் ரயில்வே ஊழியர் பொம்மைகள் ஒரு பெட்டி வாங்கலாம். தொப்பியைச் சீவி, சட்டைக்கு காக்கி அடித்து, கையில் பச்சையும் சிவப்புமாகக் கொடி கொடுத்தால் நல்ல பிரேக்ஸ்மேன் கிடைப்பார்.