வருடம் எத்தனை மணிக்குப் பிறக்குது? பஸ்ஸா, கோச்சியா, வேனா

சித்திரைக்கு ஊர் போகிறவர்கள் கொழும்பில் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "டிக்கெற் போட்டாச்சா?" எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி உண்டு: வருடம் எத்தனை மணிக்குப் பிறக்குது? அது தெரியாமல் பஸ் நல்லதா ரயில் நல்லதா என்று வாதாடுவது வீண் வேலை. வெள்ளவத்தைக்கும் கிழக்குக்கும் இடையில் பதினைந்து வருடமாக ஓடித் தேய்ந்தவன் சொல்கிறேன்.

கணக்கு இப்படி. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நேரம் ஒவ்வொரு வருடமும் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பிந்தும். 365 நாளுக்கு மேல் மிஞ்சுகிற கால் நாள் செய்கிற வேலை அது. பஞ்சாங்கம் இரண்டு வகை, வாக்கியமும் திருக்கணிதமும். எங்கள் வீட்டில் வாக்கியம். அதன்படி 2023 இல் சோபகிருது ஏப்ரல் 14 பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறந்தது. 2024 இல் குரோதி 13 ஆம் திகதி இரவு எட்டேகால் அளவில். 2025 இல் விசுவாவசு 14 அதிகாலை இரண்டரை அளவில். 2026 பராபவ காலை எட்டரை தாண்டி. 2027 இல் சுற்று முடிந்து திரும்பவும் பிற்பகலுக்கு வந்துவிடும். பிறப்புக்கு முன் நாலு மணித்தியாலம், பின் நாலு மணித்தியாலம் புண்ணியகாலம். கோயிலில் வாங்கி வந்த, மூலிகை போட்டுக் காய்ச்சிய மருத்துநீர் அதற்குள் தலையில் பட வேண்டும். அந்த எட்டு மணித்தியாலத்துக்குள் ஆளை வீட்டுக் கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்துகிற வாகனம் எதுவோ, அந்த வருடத்துக்கு அதுதான் நல்ல வாகனம்.

எங்கே போகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா இருப்பது பாண்டிருப்பில், கல்முனைக்குப் பக்கத்தில், அம்பாறை மாவட்டம். மனைவியின் வீடு வாவிக்கு அப்பால் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம், மட்டக்களப்பு மாவட்டம். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு வளவு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே நான் பிறந்த வீடு இப்போது அக்காவினது, அங்கே நான் விருந்தாளி. மாமி வீட்டில்தான் எனக்கென்று ஓர் அறை. இது அம்மாவுக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். தெரிந்தும் வருடத்தன்று முதல் சோறு யார் வீட்டில் என்ற இழுபறி மட்டும் ஓயவில்லை. இந்த இழுபறியும் வாகனத் தெரிவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், பாருங்கள்.

இரவு பஸ்

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ்ஸை விட்டால் நேர்வழி இல்லை. ரயில் மட்டக்களப்போடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே தண்டவாளம் கிடையாது. கொழும்பில் இரவு எட்டு ஒன்பதுக்கு ஏறினால், குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலநறுவை, மன்னம்பிட்டி, ஓட்டமாவடி என்று வந்து, விடிய நாலு ஐந்துக்கு மட்டக்களப்பைக் கடந்து, வெளிச்சம் வருமுன் பாண்டிருப்புப் பிரதான வீதியில் இறக்கிவிடுவார்கள். அத்தான் மோட்டார் சைக்கிளோடு நிற்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்து ஏறலாம், லீவில் ஒரு நாள் மிச்சம். பஸ்ஸின் முழுப் பெருமையும் இந்த ஒரு நாள்தான்.

விலை வேறு விதமாகப் பிடிக்கும். சொகுசு பஸ் என்பார்கள். குளிரூட்டியை மார்கழிக் குளிருக்கு வைத்துவிட்டு முழு ஒலியில் படம் போடுவார்கள். சித்திரை நெரிசலில் நடுவழியில் ஸ்ரூல் போட்டும் ஆள் ஏற்றுவதுண்டு. ஹபரணையில் நடுச்சாமத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது மின்குமிழ் வெளிச்சத்தில் எல்லா முகமும் பிணமுகம் மாதிரி இருக்கும், என்னுடையதையும் சேர்த்து. பயமும் உண்டு. 2023 யூலையில் கிழக்கு நோக்கி வந்த பஸ் ஒன்று மன்னம்பிட்டிப் பாலத்தால் ஆற்றுக்குள் விழுந்து பத்துப் பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் அம்மா போன் எடுத்து, "மன்னம்பிட்டி தாண்டிட்டீங்களா மகன்?" என்று கேட்காத பயணம் இல்லை. அவ நித்திரை கொள்ளாததற்கு நானும் நித்திரை கொள்ள ஏலாது.

2025 கதையைச் சொல்லியாக வேண்டும். விசுவாவசு இரண்டரைக்குப் பிறக்குது, புண்ணியகாலம் ஆறரையோடு சரி. ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தால் தாராளம் என்று கணக்குப் போட்டு 13 ஆம் திகதி இரவு ஏறினோம். பொலநறுவைக்கு இங்கால் பஸ்ஸின் கீழே எதுவோ கழன்று சத்தம் போட, றைவர் இறங்கிப் படுத்து, நிமிர்ந்து, கம்பி கேட்டார். கம்பி ஒருவரிடமும் இல்லை. கடைசியில் பலகாரப் பெட்டி கட்டிய நைலோன் கயிறு ஒன்றால் கட்டி, மாட்டு வண்டி வேகத்தில் வந்தோம். பாண்டிருப்பில் இறங்கும்போது ஏழு மணி. ஊரே குளித்துப் புதுத்துணி உடுத்துக் கோயிலுக்குப் போகுது, நாங்கள் நாலு பேரும் நசிந்த உடுப்போடு ஆட்டுக்குட்டிகள் மாதிரி ஒழுங்கைக்குள் நடக்கிறோம். படலையில் அம்மா செம்போடு நின்றா. "நேரம் போட்டு அம்மா" என்றேன். "ஆரு சொன்ன? திருக்கணிதப்படி இன்னும் கிடக்கு. வெள்ளெனக் குனி மகன்."

திருக்கணிதத்தில் பிறப்பு வாக்கியத்தைவிட ஒரு மணித்தியாலம் அளவுக்குப் பிந்தும், அது உண்மைதான். ஆனால் என் அம்மா வாழ்நாள் முழுக்க வாக்கியத்தைத் தவிர வேறு பஞ்சாங்கத்தை வீட்டுக்குள் எடுக்காதவ.

கோச்சி

அம்மம்மா கடைசி வரை ரயிலைக் கோச்சி என்றுதான் சொன்னா. கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 350 கிலோமீற்றர். காலை ஆறு மணியளவில் புறப்படும் உதயதேவி பிற்பகலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நேரத்தை மட்டும் பார்த்தால் பஸ்ஸிடம் தோற்ற வாகனம். ஆனால் மாகோவில் வடக்குப் பாதையை விட்டு விலகி, கல்லோயாவில் திருகோணமலைப் பாதையையும் அனுப்பிவிட்டுக் கிழக்கே திரும்பிய பிறகு பெட்டிக்குள் ஒரு மாற்றம் வரும். கொழும்பில் ஏறும்போது ஒருவருக்கொருவர் முகம் கொடாமல் இருந்த சனம் பொலநறுவை தாண்டினதும், "நீங்க எவடம்?" என்று தொடங்கும். வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை என்று ஸ்டேசன் ஸ்டேசனாக ஆள் குறையக் குறைய, மிஞ்சினவர்கள் சொந்தக்காரராகிவிடுவார்கள். ஒரு முறை எதிரே இருந்த ஆரையம்பதி அம்மா என் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னி முடிக்கவும் ஏறாவூர் வரவும் சரியாக இருந்தது. அவவின் பேரை இன்றைக்கும் தெரியாது.

என் வயதுக்காரருக்கு இந்தப் பாதையில் இன்னொரு கணக்கும் உண்டு. வெலிக்கந்தை, புனானை என்ற பெயர்கள் எங்களுக்குச் சோதனைச்சாவடிப் பெயர்கள். பையைத் தூக்கி இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வெயிலில் வரிசையில் நின்று திரும்ப ஏறின இடங்கள். அதே இடத்தில் இப்போது மகன் யன்னலால் தலையை நீட்டி வடை கேட்கிறான். அதைப் பார்ப்பதற்கே ஒரு தரமாவது பகல் ரயில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லா வருடமும் அல்ல.

குறை என்ன? முதலாவது ஆசனப்பதிவு. முப்பது நாளுக்கு முன் திறக்கும். சித்திரைக்கு என்றால் திறந்த கையோடு முடியும். இரண்டாவது, ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்க வேண்டும், ஒன்று சுணங்கினால் மற்றதும் சுணங்கும். மூன்றாவது யானை. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து வந்த இரவு ரயில் மின்னேரியாப் பக்கம் ஒரு கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. ஆறுக்குக் குறையாத யானைகள் செத்தன. காட்டுப் பகுதியில் ரயில் மெதுவாகப் போகுது என்று முணுமுணுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மெதுவாகவே போகட்டும்.

நாலாவது குறை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது. மட்டக்களப்பில் இறங்கினால், பாண்டிருப்புக்கு இன்னும் நாற்பது கிலோமீற்றர் அளவு பஸ்ஸில் போக வேண்டும். கல்லடிப் பாலம், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று பெட்டிகளோடு நின்றுகொண்டே. ஆனால் மாமி வீட்டுக்கு அப்படியில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஒரு ஆட்டோ பிடித்தால் காரியம் முடிந்தது. அதற்கு முந்தி மண்முனைத் துறையில் பாதை வரும் வரைக்கும் காத்து நிற்க வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவை. வெளியூர்க்காரர் கேட்டால் குழம்புவார்கள். ஆகவே ரயில் எடுத்தால் முதல் சோறு மாமி வீட்டில், பஸ் எடுத்தால் அம்மா வீட்டில். நான் ரயிலுக்கு ஆசனம் தேடுகிறேன் என்று தெரிந்தாலே அக்கா போன் எடுத்து, "ஓ, நீ அங்காலதானே" என்பா.

2024 குரோதிக்கு ரயில் வெகு பொருத்தம். 13 ஆம் திகதி மாலை நாலேகாலுக்குப் புண்ணியகாலம் தொடங்கியது, நடுச்சாமம் வரை இருந்தது. பகல் ரயிலில் வந்து, ஆறுதலாக முழுகி, விளக்கு வைத்துப் பிறப்பைப் பார்த்தோம். மாமி முகத்தில் அன்றைக்கு இருந்த வெற்றியை மறக்க மாட்டேன்.

வேன்

இதில் நீட்டி எழுத ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு வரும் பங்கு தாங்கும். நாலு பேர் என்றால் கட்டாது. பாண்டிருப்புக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் நினைத்த நேரம் போய்வரலாம், அது பெரிய ஆறுதல். ஆனால் றைவரும் ஒரு வீட்டுப் பிள்ளை, அவருக்கும் வருடப்பிறப்பு உண்டு. பலர் ஆளை இறக்கிவிட்டு அன்றிரவே கிறுகிப் போகிறார்கள். நித்திரை இல்லாத அந்தக் கண்களை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற எனக்கு மனமில்லை. மகியங்கனைப் பக்கத்தால் வந்த ஒரு தரம் வளைவுகளில் நாலு பிள்ளைகளும் முறை வைத்துச் சத்தியெடுத்தார்கள், வேனுக்குள் புளித்த மணம் பொலித்தீன் பையோடு போகவில்லை. திருக்கோவில், தம்பிலுவில்காரருக்கு வேறு கணக்கு: தெற்கு அதிவேக வீதி 2020 இல் மத்தளை வரை நீண்டதால், மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில் என்று கீழால் வருவது அவர்களுக்கு லாபம். லகுகலையில் யானை மறித்தால் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

அம்மாவைக் கொழும்புக்குக் கூப்பிடுவது

இதையும் ஒரு தெரிவென்று சிலர் சொல்கிறார்கள். ஒருமுறை செய்து பார்த்தோம். கைவிசேடம் கொடுக்கப் புதுத்தாள்களை வெற்றிலையோடு அடுக்கி வைத்துவிட்டு, தொடர்மாடி வாசலைப் பார்த்துக்கொண்டு பத்து மணி மட்டும் இருந்தா. "இஞ்ச ஆருமே வரமாட்டாங்களா மகன்?" என்றா. அந்தத் தெரிவு அத்தோடு முடிந்தது.

திரும்பி வருவது

போகிற கணக்கு வேறு, வருகிற கணக்கு வேறு. வரும்போது புண்ணியகாலம் ஒன்றுமில்லை, அலுவலகம் தொடங்குகிற காலை மட்டுந்தான். ஆனால் சாமான் இரண்டு மடங்கு. அக்கா வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மாமியின் முறுக்குப் பெட்டி, நெத்தலிக் கருவாடு, ஒரு சாக்கு அரிசி, எல்லாவற்றுக்கும் மேல் தயிர்ச் சட்டி. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரை இரவு பஸ்ஸில் கொண்டுவர முயன்றவர்களுக்குத் தெரியும், பிறேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் மனம் எப்படிக் கலங்கும் என்று. பஸ் தட்டில் வைத்தது முன்சீற்றுக்காரரின் கழுத்தில் வடிந்ததும் உண்டு. ஊர் மனிதர், துடைத்துவிட்டு, "நல்ல தயிர் தம்பி" என்றார்.

இரவு ரயிலில் சட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தூங்கலாம். மட்டக்களப்பிலேயே புறப்படுகிற வண்டி என்பதால் நேரத்தோடு போனால் சாமானை ஆறுதலாக அடுக்கலாம். விடியக் கோட்டையில் இறங்கினால் அங்கிருந்து வெள்ளவத்தைக்குக் கரையோர ரயில். ஆகவே, பாண்டிருப்புப் பக்கம் உள்ளவர்களுக்கு என் கட்சி: போவது பஸ், வருவது ரயில். மட்டக்களப்பு நகரம், படுவான்கரை என்றால் இரண்டு பக்கமும் ரயில். வருடம் நடுச்சாமத்தில் பிறந்தால், பிறப்புக்கு முதல் நாளே லீவு போட்டுப் போய்விடுங்கள். அன்றிரவுப் பஸ்ஸை நம்பி எங்களைப் போல் ஒழுங்கைக்குள் நடக்க வேண்டாம். திரும்பி வருவது 16 ஆம் திகதி இரவென்றால், ஆசனம் மார்ச் 17 ஆம் திகதி திறக்கும். திறந்த கையோடு பாருங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடித்து, 2027 பிற்பகல் பிறப்பு, முதல் நாள் இரவுப் பஸ்ஸே காணும் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா: "அது சரி. இந்தமுறை எந்தப் பஞ்சாங்கத்தில வாறீங்க?"