சாணியா, புழுக்கையா, கோழி எருவா? காய்கறிப் பாத்திக்கு எது தோது

சத்துக் கணக்கை மட்டும் பார்த்தால் மாட்டு எரு தோற்றுப்போகும். மாட்டுச் சாணி மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 0.5 சதவீதம்தான். ஆட்டு எருவிலும் கோழி எருவிலும் அது 3 சதவீதத்தை ஒட்டி வரும். கோழி எருவில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) 2.6 சதவீதம் அளவுக்கு உண்டு.

இந்தக் கணக்கை நம்பித்தான் முதலில் கோழி எருவில் கைவைத்தேன். பண்ணையிலிருந்து ஒரு மூட்டை வந்தது. வந்த அன்றைக்கே மிளகாய்ச் செடி ஒவ்வொன்றின் தூரிலும் ஒரு பிடி வைத்துத் தண்ணீர் விட்டேன். நான்காம் நாள் இலை ஓரங்கள் கருகின. பன்னிரண்டு செடியில் மிஞ்சியது மூன்று. கோழிக்குச் சிறுநீர் தனியாகப் போவதில்லை, எல்லாம் எச்சத்தோடு யூரிக் அமிலமாகவே வந்துவிடுகிறது. அது சிதையும்போது கிளம்பும் அம்மோனியாதான் வேரைச் சுடுகிறது. மூட்டையைப் பிரித்ததும் கண் எரிந்ததே, அப்போதே புரிந்திருக்க வேண்டும். கூடவே சால்மோனெல்லா கிருமியும் பச்சைக் கோழி எருவில் இருக்கலாம். தென்னை நார்க்கழிவு அல்லது காய்ந்த சருகோடு கலந்து, ஈரம் காயாமல் மூன்று மாதம் மக்கவிட்டால் இதே எரு அருமையான உரம். அப்போதும் மாட்டு எரு போடும் அளவில் கால் பங்கு போதும்.

ஆட்டுப் புழுக்கை அவ்வளவு முரட்டுச் சரக்கு இல்லை. உலர்ந்து கிடப்பதால் நாற்றம் குறைவு, அள்ளிப் போவதும் சுலபம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்டு மந்தைக்காரர்களான கீதாரிகள் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்ட வயலின் வளம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அங்கே பயிர் பிறகு வருகிறது, நெல்லும் சோறாக வெந்துதான் தட்டுக்கு வருகிறது. வெள்ளரியைப் பச்சையாகத் தின்கிறோம், பச்சைப் புழுக்கையின் கிருமி அதில் ஒட்டினால் சாக வழியில்லை. இன்னொரு தொல்லை, ஆடு தின்ற சீமைக் கருவேல் நெற்றின் விதை செரிக்காமல் வெளியே வந்து நம் பாத்தியில் முளைக்கும். புழுக்கையைத் தட்டி உடைத்து மக்கவைத்தால் இது வெகுவாகக் குறையும். உடைக்காமல் போட்டால் உருண்டை உருண்டையாக மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

மாட்டு எருவின் பலமே அதன் மந்தம்தான். கொஞ்சம் கூடிப்போனாலும் செடியைச் சுடாது, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். ஆனால் ‘தொழு உரம்’ என்று விற்கும் சரக்கில் பாதி வெறும் காய்ந்த சாணிதான். காய்ந்தது வேறு, மக்கியது வேறு. அரைகுறையாக மக்கியது கரையானைக் கூப்பிடும். வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் அதனோடு வந்து சேரும். மக்கிய எருவில் சாணி வாடை இராது, மழை பெய்த மண் வாடை வரும். சந்தேகம் இருந்தால் ஒரு தொட்டியில் நிரப்பி வெந்தயம் தூவிப் பார்ப்பேன். சீராக முளைத்தால் செடிக்குச் சரி. கிருமி போய்விட்டதா என்பதை மட்டும் வெந்தயம் சொல்லாது.

அதற்குச் சூடு வேண்டும். குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி, வெளியே இருப்பது உள்ளே போகும்படி பலமுறை புரட்டினால்தான் ஈ.கோலை போன்ற கிருமிகள் சாகும். மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் மூன்றடி இருந்தால்தான் அந்தச் சூடு நிற்கும். மொட்டை மாடி வாளியில் ஏறாது. அங்கே காலத்தைத்தான் நம்ப வேண்டும்.

எவ்வளவு காலம்? அமெரிக்க அரசின் இயற்கை வேளாண் விதி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மக்காத எருவை மண்ணில் கலந்தால், தின்னும் பகுதி மண்ணைத் தொடும் பயிர்களுக்கு அறுவடை வரை 120 நாள், தொடாதவற்றுக்கு 90 நாள் இடைவெளி வேண்டும். நம் சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும், முள்ளங்கி 45 நாள். அந்த 120 நாளுக்குள் நான்கு முறை கீரை விதைத்துப் பறித்துவிடலாம். ஆக, கீரைப் பாத்திக்குப் பச்சை எரு எந்த விலங்குடையதானாலும் ஆகாது. முருங்கைக்கோ அவரைப் பந்தலுக்கோ நடுவதற்கு முன்பே குழியில் போட்டு மூடிவிட்டால் பயம் குறைவு.

ஜீவாமிர்தப் பிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கரைசலில் பச்சைச் சாணியும் கோமியமும் இரண்டு மூன்று நாள் ஊறுவதில் சூடு ஏறுவதில்லை. கீரைப் பாத்தியை விட்டு மற்றச் செடிகளின் வேருக்கு ஊற்றுங்கள். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா இலை மேல் தெளிக்காதீர்கள்.

மண்புழு உரம் பற்றி ஒரு வார்த்தை. நாற்றுக்கு அதற்கு ஈடு கிடையாது, விலைதான் கடிக்கும். சூட்டில் புழு செத்துவிடும் என்பதால் அந்தத் தொட்டியிலும் கிருமி சாகும் அளவுக்குச் சூடு ஏறாது. முன்பே மக்கிய சாணியைப் புழுவுக்குக் கொடுத்தார்களா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய், பூனை எச்சத்தை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. குடற்புழு முட்டை அதில் எளிதில் சாகாது.

இப்போது என் கீரைப் பாத்திக்கு ஆறு மாதம் மக்கிய மாட்டு எரு மட்டும். கத்தரி, வெண்டைக்கு அதோடு உடைத்து மக்கவைத்த புழுக்கை. கோழி எரு வாழைக்கும் பப்பாளிக்கும் போகிறது, அதுவும் மக்கிய பிறகு, தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி.