வாழைக் கன்றுக்கு லாம்ப்பா, ஆர்பிஏவா?

தாண்டிக்குடிப் பக்கம் விருப்பாச்சி வாழை நடுகிறவர்களுக்குக் கன்று சோதித்துக் கொடுக்கிறேன். முடிக்கொத்து நோய் முற்றிய மரத்துக்குச் சோதனையே வேண்டாம். இலை குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் தெரியும். பச்சைப்பசேலென்று இருக்கிற பக்கக்கன்றுதான் ஏமாற்றும். வைரஸ் இருந்தாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்க லாம்ப், ஆர்பிஏ என்கிற இரண்டு சோதனை முறையையும் வைத்துப் பார்த்துவிட்டு லாம்ப்பிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டும் சூட்டை ஏற்றி இறக்காமல் ஒரே நிலையில் வைத்து வைரஸின் மரபணுவைப் பெருக்குபவை. லாம்ப் 2000-இல் வந்தது, 60 முதல் 65 டிகிரி வேண்டும். 2006-இல் வந்த ஆர்பிஏவுக்கு 37 முதல் 42 டிகிரி போதும், 20 நிமிடத்தில் முடிவு தெரியும். வேகத்தில் அதுதான் முந்தும். முடிக்கொத்து வைரஸ் டிஎன்ஏ வகை, ஆகவே ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் வேலை இரண்டிலும் இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வாழைக்கறை. நடுநரம்பை நறுக்கிக் குழாயில் பிழிந்தால் சாறு சற்று நேரத்தில் டீ நிறத்துக்கு வந்துவிடும். அந்தப் பழுப்புதான் மரபணுவைப் பெருக்கும் நொதியை முடக்குகிறது. பிழியும் கரைசலிலேயே பழுப்பாவதைத் தடுக்கும் சோடியம் சல்பைட்டும், கறையைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியும் கலந்தேன், பாதி தொல்லை தீர்ந்தது. பிறகு சாற்றைப் பத்து மடங்கு நீர்க்க வைத்தேன். வைரஸும் சேர்ந்து குறையுமே என்று தயக்கம்தான். ஆனால் நீர்க்காத சாற்றில் நிறம் மாறாத கன்று ஒன்று, நீர்த்த சாற்றில் ஊதாவிலிருந்து வான நீலமாக மாறியது, அதாவது வைரஸ் இருக்கிறது. லாம்ப்பின் பிஎஸ்டி நொதி கறையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆர்பிஏவோ செடியின் சொந்த டிஎன்ஏ அதிகமாக இருந்தாலே திணறுகிறது. லாம்ப்பில் லூப் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டைக் கூடுதலாகப் போட்டால் நேரமும் ஏறக்குறைய பாதியாகும். நிறத்துக்குப் புளிப்பைக் காட்டும் சாயமான ஃபீனால் ரெட் மட்டும் வேண்டாம். சாற்றின் புளிப்புக்கே மஞ்சளாகிவிடும்.

லாம்ப்பின் கெட்ட குணத்தையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் முடிந்த குழாயை அதே மேசையில் திறந்துவிட்டேன், பெருகிய டிஎன்ஏ எங்கும் பரவிவிட்டது. அடுத்த ஒரு வாரம் வெறும் தண்ணீருக்குக்கூட நோய் இருப்பதாகக் காட்டியது. இப்போது குழாயைத் திறப்பதே இல்லை, கலவையில் டியூடிபியும் யூடிஜி நொதியும் சேர்க்கிறேன். டியூடிபி பெருகும் டிஎன்ஏவில் அடையாளமாகச் சேரும், அடுத்த சோதனையில் அந்தப் பழைய மிச்சத்தை யூடிஜி அழித்துவிடும்.

ஆர்பிஏவை நான் முப்பது கன்றுக்கு மேல் ஓட்டியதில்லை. நான்காம் நிமிடம் குழாயை ஒருமுறை குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த வைரஸ் நழுவிவிடும். அதை நானே இரண்டு தடவை மறந்தேன், ஆகவே முழுப் பழியையும் அதன் மேல் போட மாட்டேன்.

கரண்ட் போனால் லாம்ப்பை ஃப்ளாஸ்க் வெந்நீரில்தான் ஓட்டுகிறேன். மார்கழிக் காலையில் அரை மணியிலேயே சூடு 60-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த நாட்களுக்கென்று ஆர்பிஏ குழாய் ஒரு பட்டை அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குக் கக்கத்துச் சூடே போதும்.