கன்டெய்னர் நினைவக வரம்பு: மெமரி.மேக்ஸா, மெமரி.ஹையா?

போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலங்களின் கணக்கை வணிகர்களுக்குப் பராமரித்துத் தரும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். 512 எம்பி நினைவக வரம்புள்ள கன்டெய்னரில், அதாவது செயலியைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழலில், பகலெல்லாம் சிக்கலின்றி ஓடும் அச்செயலி, மாலையில் லாட் வாரியாக அறிக்கை எடுக்கும்போது மட்டும் 137 என்ற குறியீட்டுடன் நின்றுவிடுகிறது.

128-உடன், செயல்முறையை உடனே கொல்லும் சிக்னல் 9 சேர்ந்ததே 137. ஆனால் கொன்றது யார் என்பதை அந்த எண் சொல்வதில்லை. கன்டெய்னர்களுக்கு வரம்பிடும் லினக்ஸ் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில், மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பில் நினைவகப் பற்றாக்குறைக் கொலைகளை எண்ணும் ஓஓஎம்_கில் எண் ஏறியிருந்தால், இயங்குதளத்தின் மையமான கர்னலே கொன்றது என்று உறுதியாகும். கன்டெய்னர் நின்றவுடன் பெரும்பாலும் அதன் சிகுரூப்பும் அழிந்துவிடுவதால், பிறகு ஹோஸ்டின் (கன்டெய்னரைத் தாங்கும் கணினியின்) கர்னல் பதிவைத்தான் நம்ப வேண்டும். கன்டெய்னருக்குள்ளே, நினைவக அளவைக் காட்டும் ஃப்ரீ கட்டளை கொடுத்துப் பார்ப்பது வீண். வழக்கமான அமைப்பில் அது காட்டுவது ஹோஸ்டின் நினைவகத்தை.

மெமரி.மேக்ஸ் கடுமையான வரம்பு. அதைத் தொட்டதும் கர்னல் நினைவகப் பக்கங்களை மீட்க முயன்று, முடியாவிட்டால் செயல்முறையைக் கொல்கிறது. மெமரி.ஹை கொல்வதில்லை. வரம்பை மீறிய செயல்முறைகளின் வேகத்தைக் குறைத்து, மீட்பு அழுத்தத்தைக் கூட்டுகிறது. நெருக்கடியில் பயன்பாடு அவ்வரம்பைத் தாண்டவும் கூடும். கன்டெய்னர்களை ஓட்டும் கருவியான டாக்கரின் மெமரி விருப்பம் அமைப்பது மேக்ஸை மட்டுமே. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி இரண்டையும் நேரடியாக அமைக்கும்.

எது பொருந்தும் என்பதை மெமரி.ஸ்டாட் கோப்பின் இரு வரிகள் தீர்மானிக்கின்றன. மெமரி.கரன்ட் காட்டும் அளவில் பேஜ் கேஷும் (கோப்புகளின் தற்காலிக நகல்களும்) அடங்குவதால், அது வரம்பை ஒட்டி நிற்பது மட்டுமே கோளாறு ஆகாது. ஃபைல் என்ற வரி பெரிதாக இருந்தால் கர்னல் அதில் பெரும்பகுதியை விடுவித்துக்கொள்ளும். அங்கே ஹை நன்றாக வேலை செய்யும். மாறாக, அறிக்கைக்கான எல்லா வரிசைகளையும் செயலி ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏற்றுவதால் செயலியின் சொந்தத் தரவைக் காட்டும் அனான் வரி வீங்கியிருந்து, நினைவகத்தை வட்டுக்கு மாற்றும் ஸ்வாப்பும் இல்லாவிட்டால், ஹை வரம்பின் கீழ், மீட்க ஏதுமின்றிச் செயலி ஊர்ந்துகொண்டே இருக்கும். கொல்லப்பட்ட கன்டெய்னரை மறுதொடக்கக் கொள்கை எழுப்பிவிடும். ஊர்வதை யாரும் எழுப்புவதில்லை, நினைவக நெருக்கடியைக் காட்டும் மெமரி.பிரஷர் கோப்பைப் பார்ப்பவரைத் தவிர யாருக்கும் அது தெரிவதுமில்லை. ஆகவே அன்றாட ஓட்டத்துக்கு மேக்ஸே மேல் என்பது என் கருத்து.

ஹையின் உண்மையான மதிப்பு துப்பறிவதில் இருக்கிறது. மேக்ஸை 512-இல் விட்டு ஹையை 400-இல் வைத்தால், சாவதற்கு முன் செயலி மெதுவாகி, ஹீப் டம்ப் (செயலியின் நினைவக உள்ளடக்கத்தின் நகல்) எடுக்க அவகாசம் கிடைக்கும். டம்ப் எடுப்பதற்கும் கொஞ்சம் நினைவகம் தேவை என்பதால் இடைவெளியை மிகவும் சுருக்கக் கூடாது.

டாக்கரில் இச்சோதனையைச் செய்வோர் முதலில் ஸ்வாப்பைக் கவனிக்க வேண்டும். மெமரி-ஸ்வாப் மதிப்பைக் குறிப்பிடாமல் 512 எம்பி மட்டும் கொடுத்தால், ஹோஸ்டில் ஸ்வாப் இருக்கும்போது கன்டெய்னருக்கு இன்னொரு 512 எம்பி ஸ்வாப் கிடைத்து, கசிவு வெளித்தெரிவது தள்ளிப்போகும். இரண்டு மதிப்புகளையும் சமமாகக் கொடுத்தால் ஸ்வாப் அடைபடும்.