பி-ரவுட்டர்: விட்ட சைக்கிளை மறுபடி எடுப்பவருக்கு வேலைக்குப் போகும் வழியைக் காட்டுமா?

பல வருஷம் கழித்து மறுபடி சைக்கிளில் வேலைக்குப் போக ஆசைப்படுபவர்கள், வண்டி ஓட்டிப் பழகிய அதே மெயின் ரோட்டில்தான் பெரும்பாலும் முதல் நாள் இறங்குகிறார்கள். கொஞ்ச நாளில் சைக்கிள் திரும்பவும் மூலைக்குப் போய்விடுகிறது. காலில் வலு குறைந்தது அதற்கு ஒரு காரணம்தான். வழி சரியில்லாதது அதைவிடப் பெரிய காரணம். வழி தேட இருக்கும் கருவிகளில் பி-ரவுட்டர் (BRouter) என்ற இணையக் கருவியையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் திறந்தவுடன் அது போட்டுத் தரும் கோட்டை அப்படியே நம்பி ஓட்டாதீர்கள். அதில் மாற்ற வேண்டிய சில அமைப்புகள் உண்டு.

இது பிரவுசரிலேயே இயங்குகிறது. காசு இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ரோடு பற்றிய தகவல், பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்திலிருந்து வருகிறது. வீட்டையும் வேலையிடத்தையும் வரைபடத்தில் தொட்டால் வழி வந்துவிடும். எந்த மாதிரி ஓட்டத்துக்கான வழி என்பதை 'ப்ரொஃபைல்' பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். தினசரிப் பயணத்துக்கு 'ட்ரெக்கிங்' போதும். 'ஃபாஸ்ட்பைக்' ரேஸ் சைக்கிள்காரர்களுக்கானது, வழவழப்பான பெரிய ரோடாகப் பார்த்துக் கொண்டுபோய் விடும். 'ஷார்ட்டஸ்ட்' தூரத்தை மட்டும்தான் பார்க்கும், அதை மறந்துவிடலாம்.

கூகுள் மேப்ஸும் சைக்கிள் வழி காட்டுகிறது, எல்லா ஊரிலும் இல்லை. எதற்காக இந்தத் தெருவில் திருப்பிவிட்டது என்று அதனிடம் கேட்க முடியாது. ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப் எங்கே நிறையப் பேர் ஓட்டுகிறார்கள் என்று காட்டும். அதில் பெரும்பங்கு பயிற்சிக்காக வேகமாக ஓட்டுபவர்கள் விட்ட தடம். அவர்களுக்குப் பிடித்த அகலமான நேர் ரோடு, இப்போதுதான் பெடல் மிதிக்கத் திரும்பியவருக்குப் பொருந்தாது. பி-ரவுட்டர் தன் கணக்கைத் திறந்தே காட்டிவிடுகிறது. 'அனாலிசிஸ்' பகுதியில் எந்த வகை ரோடு எத்தனை மீட்டர், தரை தாரா கல்லா மண்ணா என்று பிரித்துப் போட்டிருக்கும். ஒரு வரிமேல் மௌஸை வைத்தால் அந்தத் துண்டு வரைபடத்தில் பளிச்சென்று தெரியும்.

இதை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 8 கி.மீ. வழியில் 400 மீட்டர் பெரிய ரோடு என்று வந்தால் பயப்பட வேண்டாம், அந்த 400 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நேர்த்துண்டாக இருந்து, சேரும் இடத்திலும் பிரியும் இடத்திலும் சிக்னல் இருந்தால் சமாளித்துவிடலாம். அதே 400 மீட்டர் நாலு துண்டாகச் சிதறி, ஒவ்வொரு முறையும் எதிரே வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தால் அந்த வழி வேண்டாம். பின்னால் திரும்பிப் பார்த்து, ஒரு கையை எடுத்து சைகை காட்டி, நேராகவும் ஓட்டுவது கடைசியாகத்தான் கைக்கு வரும். அதுவரை அப்படிப்பட்ட திருப்பம் குறைவாக உள்ள வழியே நல்லது, ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

இனி மாற்ற வேண்டியவை. ப்ரொஃபைல் அமைப்புகளில் 'அவாய்ட் அன்சேஃப்' என்பதை டிக் செய்யுங்கள். சைக்கிளுக்கென்று எந்த ஏற்பாடும் இல்லாத பொது ரோடுகளை அது முடிந்தவரை ஒதுக்கும். 'அலவ் ஸ்டெப்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நடைமேம்பாலப் படிக்கட்டு வழியாகவும் கோடு போகக்கூடும். பையும் மடிக்கணினியும் மாட்டிய சைக்கிளைப் படியில் தூக்குவது தினமும் நடக்கிற காரியமில்லை. மாற்றியபின் 'அப்ளை' அழுத்தினால்தான் புது வழி வரும். பலர் இதை அழுத்தாமலே 'ஒன்றும் மாறவில்லையே' என்று விட்டுவிடுகிறார்கள்.

நேரக் கணக்கு மொத்த எடை 90 கிலோ, மிதிக்கும் சக்தி 100 வாட் என்று வைத்துப் போடப்படுகிறது. எடையில் சைக்கிளும் பையும் சேர்த்தி. மறுபடி தொடங்குபவருக்கு 100 வாட் அதிகமாக இருக்கலாம், அதனால் 'பைக்கர் பவர்' எண்ணை 70 ஆக்கிப் பாருங்கள். சமதளத்தில் 8 கி.மீ.க்கு நாலைந்து நிமிடம் கூடும், ஏற்றத்தில் வித்தியாசம் இன்னும் உறைக்கும். 90 கிலோவோடு 4 சதவீத ஏற்றத்தில் 100 வாட் கொடுத்தால் வேகம் மணிக்குச் சுமார் 8 கி.மீ. 70 வாட்டில் ஐந்தரைதான், கிட்டத்தட்ட நடக்கிற வேகம். அந்த வேகத்தில் ஹேண்டில்பார் ஆடும், பக்கத்தில் லாரி வந்தால் ஆபத்து. இந்த எண் நேரத்தை மட்டும்தான் மாற்றும், வழியை மாற்றாது. ஒரு ஏற்றத்தைத் தவிர்க்கக் கோட்டை நீங்களே பிடித்து வேறு தெருவுக்கு இழுக்கலாம். சிக்னலில் நிற்கும் நேரமும் கணக்கில் வராது, சிக்னலுக்கு அரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

உயர வரைபடத்தில் ஒரு குறை உண்டு. ஏற்றத்தைக் கூட்டும்போது சின்ன மேடு பள்ளங்களை வடிகட்டிவிடுகிறது. அதனால் மேம்பாலத்தின் ஏற்றமும், ரயில் பாதைக்கு அடியில் இறங்கி ஏறும் சுரங்கப்பாதையும் எண்ணில் சரியாகத் தெரியாது. தூரம் குறைவென்றாலும் மூச்சு முட்டுவது அங்கேதான். மழை பெய்தால் தண்ணீர் தேங்குவதும் அதே சுரங்கப்பாதையில்தான். வழியில் அப்படி ஒன்று இருந்தால் மாற்று வழி ஒன்றையும் இப்போதே போட்டு வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வசதி 'நோ-கோ' பகுதி. நெரிசலான சந்திப்பின்மேல் ஒரு வட்டம் வரைந்தால் போதும், கோடு அதைச் சுற்றிக்கொண்டு போகும். பள்ளிக்கூட வாசல், சந்தை, பஸ் நிலையம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரரான உங்களுக்குத்தான் தெரியும், எத்தனை மணிக்கு எங்கே கூட்டம் என்பது இந்தக் கருவிக்குத் தெரியாது. வட்டத்தைச் சின்னதாகப் போடுங்கள், பெரிதாகப் போட்டால் நல்ல குறுக்குத்தெருவும் சேர்ந்து அடைபட்டுவிடும்.

வழியைத் திருப்பும் பொத்தானைக் கட்டாயம் அழுத்துங்கள். ஒருவழிப் பாதைகளால் மாலை வழி வேறாக வரலாம். காலையில் சுகமாக இறங்கிய சரிவு, களைத்து வரும் நேரத்தில் ஏற்றமாக நிற்கும். திரும்பும்போது இருட்டிவிடும் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள், தெருவிளக்கு இருக்கிறதா என்பதை 'ட்ரெக்கிங்' பார்ப்பதே இல்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு தெருவின் தரை பற்றி யாரும் குறிக்காவிட்டால் அதை நல்ல ரோடாகவே எடுத்துக்கொள்ளும். 'அனாலிசிஸ்' பகுதியில் தரை விவரமில்லாத நீளம் அதிகம் என்றால், பின்னணியைச் செயற்கைக்கோள் படமாக மாற்றி அந்தத் துண்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகக் கார் நிற்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். நின்றால், கதவு திறக்கும் அளவுக்கு ஒரு மீட்டராவது தள்ளி ஓட்டத் தெருவில் இடம் இருக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின் விடுமுறைக் காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பிறகு வேலை நாளில் அதே நேரத்துக்கு ஒருமுறை. முதலாவதில் தரையும் ஏற்றமும் தெரியும், இரண்டாவதில் நெரிசல் தெரியும். முதலாவதை மட்டும் வைத்து முடிவு செய்தால் திங்கட்கிழமை தடுமாறுவீர்கள்.

போன் திரையில் இந்தப் பக்கத்தைக் கையாள்வது கஷ்டம், விரல் பட்டுத் தேவையில்லாத புள்ளி விழுந்துகொண்டே இருக்கும். கணினியில் வரைந்து முடித்து ஜிபிஎக்ஸ் (வழியைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக இறக்கிக்கொள்வதே வசதி. ஓட்டும்போது 'இங்கே திரும்பு' என்று இது குரலில் சொல்லாது. அந்தக் கோப்பை ஓஸ்மாண்ட் மாதிரி ஒரு செயலியில் ஏற்றினால் வழிகாட்டுதல் கிடைக்கும்.